கற்பனை யந்திரமும் உழைக்கும் கையும்

விஞ்ஞானக் கற்பனைக் கதைகளைப் பற்றிப் பேச்செழும் போதெல்லாம் ஒரு வகைக் கணக்குப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஜூல்ஸ் வேர்ண் நீர்மூழ்கிக் கப்பலை முன்கூட்டியே கண்டார்; வெல்ஸ் யுத்த தாங்கியையும் அணுக்குண்டையும் கண்டார்; பெலமி கடனட்டையைக் கண்டார் என்று அடுக்கி, பலித்தவை இத்தனை, பலியாதவை இத்தனை எனப் புள்ளியிடுவார்கள். சோதிடரை அளக்கும் கோலினால் எழுத்தாளரை அளக்கும் முறை இது. புட்பக விமானத்தையும் சிந்தாமணியின் மயிற்பொறியையும் காட்டி 'அன்றே கண்டான் தமிழன்' என்று மேடையில் முழங்குபவர் கையிலுள்ளதும் இதே கோல்தான்.

இந்த எழுத்தாளர்கள் எல்லோரும் கைத்தொழிற் புரட்சியின் பிள்ளைகள். நீராவியும் மின்சாரமும் தம் கண்முன்னே ஊர்களையும் வாழ்க்கைகளையும் புரட்டிப் போடுவதைக் கண்டவர்கள். அவர்கள் கற்பனை செய்த ஒவ்வொரு யந்திரத்தின் அருகிலும் ஒரு மனிதன் நிற்கிறான், அல்லது நிற்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. அந்த யந்திரம் யாருடைய சொத்து, அதை இயக்குபவன் யார், அதனால் ஓய்வு பெறுபவன் யார் என்று கேட்டுக்கொண்டு இந்நூல்களை மீண்டும் வாசித்தால், நாம் அறிந்ததாக எண்ணியிருந்த கதைகள் வேறு முகம் காட்டத் தொடங்குகின்றன.

தொடக்கத்தை 1812இல் வைத்துக்கொள்ளலாம். அவ்வாண்டு பெப்ரவரி 27ஆம் நாள், இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையிலே பைரன் தம் கன்னிப் பேச்சை நிகழ்த்தினார். நொட்டிங்கம் பகுதி நெசவாளர் புதிய தறிச் சட்டங்களை உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. தறியுடைத்தோருக்கு மரண தண்டனை விதிக்கும் மசோதாவை எதிர்த்துப் பேசினார் பைரன். மசோதா நிறைவேறியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1816ஆம் ஆண்டுக் கோடையில், ஜெனீவா ஏரிக்கரையில் அதே பைரன் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டிலே, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென்று நண்பர் பந்தயமிட்டபோது, பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி ஒரு கதையைத் தொடங்கினாள். மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' 1818இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. பிணத்துக்கு உயிரூட்டும் கருவி எப்படியிருந்தது என்று அந்நூலில் விவரமாகச் சொல்லப்படவில்லை. ஒரு பொறி, சில கருவிகள், அவ்வளவே. படைத்தவன் தன் படைப்பைக் கைவிட்டு ஓடியதையே அவள் முந்நூறு பக்கமும் விசாரிக்கிறாள். அப்பூதம் தொழிலாளியின் உருவகம் என்று உடனே முத்திரை குத்திவிடுவது அவசரம். ஆயினும் பெயரே வழங்கப்படாத, தானாகவே எழுத்தறிந்து, தன்னைப் படைத்தவனிடம் நியாயம் கேட்கும் அவ்வுருவம், தறியுடைத்தோர் தூக்கிலேறிய நாட்டிலே பிறந்ததென்பதை மறந்துவிடலாகாது.

ஜூல்ஸ் வேர்ண் இத்தகைய கலக்கமில்லாதவர் என்றே பொதுவாகக் கருதப்படுகிறார். யந்திரத்தில் மகிழ்ந்தவர் அவர். ஆனால், 1865இல் வெளிவந்த சந்திர யாத்திரைக் கதையைக் கவனியுங்கள். சந்திரனுக்குக் குண்டு அனுப்புவோர் யார்? அமெரிக்க உள்நாட்டு யுத்தத்துக்குப் பீரங்கி செய்து கொடுத்து, யுத்தம் முடிந்ததும் வேலையற்றுப்போன பீரங்கிக் கழகத்தார்! கையிழந்தும் காலிழந்தும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அவர்களுக்குப் புளோரிடாவில் 900 அடி நீளப் பீரங்கியொன்றை வார்ப்பதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. ஆயுத உற்பத்தியாளருக்குச் சமாதானம் எத்துணைப் பெரிய துன்பம் என்பதை இவ்வளவு சிரித்துக்கொண்டே சொன்ன நூல் அந்நூற்றாண்டில் அரிது. அப்பீரங்கியில் ஏறிய மனிதன் வெடித்த கணத்திலேயே நசுங்கியிருப்பான். வேர்ணை வாசித்து ஊக்கம் பெற்று, பீரங்கியைத் தள்ளி றொக்கட்டைக் கணித்து 1903இல் வெளியிட்டவர் ருஷ்யாவின் கலூகா நகரில் கணிதம் கற்பித்த, சிறுவயதிலேயே செவிப்புலன் குன்றிய பள்ளி ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி.

நமக்கு மிக நெருக்கமான நூல் 1869இலும் 1870இலும் தொடராக வந்த 'கடலடியில் இருபதாயிரம் லீக்'. நோட்டிலஸ் என்னும் நீர்மூழ்கியை எழுபது மீற்றர் நீளமுள்ளதாக, மின்சாரத்தால் இயங்குவதாக வேர்ண் அமைத்தார். நீர்மூழ்கி அப்போது புதுமையன்று. அதே பெயரில் ஒன்றை அமெரிக்கரான புல்டன் 1800ஆம் ஆண்டிலேயே பிரான்சில் கட்டி நீரில் இறக்கியிருந்தார். கப்பலின் நூலகத்தில் சேர் என்னும் ஆங்கிலேயர் இலங்கையைப் பற்றி எழுதிய நூலும் இருக்கிறது. அதைப் புரட்டிக்கொண்டே பேராசிரியர் அரொனக்ஸ் மன்னார்க் குடாவுக்கு வந்து சேர்கிறார்.

அந்த மன்னார் அத்தியாயத்தை நம் மாணவர் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டும். குளிப்புக் காலம் தொடங்குமுன்னர், விடியற்காலையில், தளபதி நீமோவும் மூன்று விருந்தாளிகளும் செப்புத் தலைக்கவசமும் முதுகிலே அழுத்தக் காற்றுக் கலமும் அணிந்து முத்துப் பாரின்மேல் நடக்கிறார்கள். அக்கவசம் முழுக் கற்பனையன்று. ரூக்கெய்ரோல், டெனெய்ரூஸ் என்னும் இரு பிரெஞ்சுக்காரர் 1860களில் ஆக்கிய சுவாசக் கருவியை வேர்ண் சற்றே திருத்திக்கொண்டார். அவ்வேளையில் அவர்கள் தலைக்கு மேலே ஒரு தோணியின் நிழல் விழுகிறது. ஒரு குளியாளி, காலிடுக்கில் கல்லொன்றைப் பற்றிக்கொண்டு, கயிற்றின் துணையுடன் இறங்குகிறான், மூச்சைப் பிடித்துச் சிப்பி சேர்க்கிறான், ஏறுகிறான், மறுபடியும் இறங்குகிறான். இரண்டாயிரம் ஆண்டுகளாக அவன் முன்னோர் செய்த அதே தொழில், அதே கல், அதே கயிறு.

ஒரே கடலில், சில அடி இடைவெளியில், கற்பனை விஞ்ஞானத்தின் உச்சமும் உழைப்பாளியின் வெற்றுடம்பும் எதிரெதிரே நிற்கின்றன. சுறா வருகிறது. நீமோ கத்தியோடு பாய்கிறார். நெட் லாண்ட் ஈட்டியால் அதைக் கொல்கிறான். மயங்கிய குளியாளியைத் தோணிக்குக் கொண்டு சேர்க்கிறார்கள். கண் விழித்த அவன் தன்மேல் குனிந்திருக்கும் நான்கு செப்புத் தலைகளைக் கண்டு நடுங்குகிறான். நீமோ ஒரு பை முத்தை அவன் கையில் வைக்கிறார். பின்னர், ஒடுக்கப்பட்ட நாடொன்றின் மகன் அவன் என்றும், தாமும் இறுதிமூச்சுவரை அத்தகைய நாட்டைச் சார்ந்தவரே என்றும் அரொனக்ஸிடம் கூறுகிறார். வேர்ண் அவனை இந்தியன் என்று மட்டுமே எழுதினார், பெயர் கேட்டறியவில்லை. இரு கரைகளிலிருந்தும் தமிழரும் முஸ்லிம்களும் வந்து குளித்த கடல் அது என்பதை நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

நீமோ யாரென்ற மர்மம் 1874இல் தொடங்கிய 'மர்மத் தீவு' நாவலில் அவிழ்கிறது. புந்தேல்கண்ட் இளவரசன் டக்கார்; திப்பு சுல்தானின் உறவினன்; 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் போரிட்டுத் தோற்றவன். முதலில் ருஷ்ய ஆட்சியை எதிர்த்த போலந்துப் பிரபுவாக அவரைப் படைக்கவே வேர்ண் எண்ணியிருந்தார். ருஷ்யச் சந்தையை இழக்க விரும்பாத பதிப்பாளர் ஹெட்சல் உடன்படவில்லை. பதிப்பாளரின் வியாபாரக் கணக்கொன்றினால் உலக இலக்கியத்தின் முதல் நீர்மூழ்கித் தளபதி நம் பக்கத்து மனிதனானான்!

ஆனால், ஒன்றை மறைக்கக் கூடாது. நீமோ குளியாளிக்குக் கொடுத்தது முத்து; சுவாசக் கருவியையன்று. இளவரசன் தருமம் செய்கிறான், தன் யந்திரத்தைப் பகிர்ந்துகொள்வதில்லை. நோட்டிலஸின் மாலுமிகளோ வெளியார் எவருக்கும் புரியாத ஒரு மொழி பேசிக்கொண்டு, நாவல் முழுவதும் பெயரின்றி நடமாடுகிறார்கள். அவர்களில் ஒருவன் இறந்து பவளத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்படும்போதுதான் அவர்களும் மனிதரென்று நமக்கு நினைவு வருகிறது.

பெலமி விஷயத்தை விரைவாகக் கடந்துவிடலாம், அவரை இன்று வாசிப்போர் சிலரே. 1888இல் வெளியான 'பின்னோக்கிப் பார்த்தல்' நூலில் 1887இல் உறங்கிய பொஸ்டன் செல்வன் 2000ஆம் ஆண்டில் விழிக்கிறான். அவன் புது வீடு கட்டி முடியாமைக்குக் காரணம் கட்டடத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் என்ற செய்தி முதற் பக்கங்களிலேயே வருகிறது. எதிர்காலத்தில் வேலைநிறுத்தமில்லை, எல்லாரும் தேசத்தின் கைத்தொழிற் சேனையில் உழைத்து, சம பங்கு காட்டும் அட்டையைக் கொண்டு பொருள் பெறுகிறார்கள். படுக்கையில் கிடந்தபடியே தொலைபேசியில் இசை கேட்கலாம். அவ்விசையை இருபத்துநான்கு மணிநேரமும் மண்டபங்களில் முறைபோட்டு வாசிப்போர் இருக்கிறார்கள் என்பதைப் பெலமி சொல்லத் தவறவில்லை. கேட்பவரின் சுகத்தையே விரித்துரைத்தார். வில்லியம் மொறிஸுக்கு இந்தப் பாசறைச் சோஷலிசம் பிடிக்கவில்லை. 1890இல் அவர் எழுதிய மறுமொழி நாவலில், கைக்கு வருத்தந்தரும் வேலைகளை மட்டும் யந்திரம் செய்கிறது. கைக்கு இன்பந்தரும் வேலைகளை மனிதர் தம்மிடமே வைத்துக்கொள்கிறார்கள். கவிஞரும் கைவினைஞருமான ஒருவரே இப்படிச் சிந்தித்திருக்க முடியும்.

எச். ஜி. வெல்ஸ் சீமான் வீட்டுப் பிள்ளையல்லர். சிறுவயதில் புடைவைக் கடைப் பயிலாளாக நாளெல்லாம் நின்றவர். தாயார் அப்பார்க் என்னும் பெருமாளிகையில் வேலையாட்களின் தலைவி. அம்மாளிகையின் சமையலறையையும் உறைவிடத்தையும் இணைக்கும் நிலவறைப் பாதைகள் வழியாகப் பணியாளர் போய்வருவதைச் சிறுவன் கண்டான். 1895இல் அவர் எழுதிய 'கால யந்திரம்' 802,701ஆம் ஆண்டுக்குச் செல்லும்போது அங்கே மேலுலகில் பூச்சூடி ஆடும் ஈலோய், நிலவறையில் யந்திரங்களோடு வாழும் மோர்லொக் என மனித இனம் இரண்டாகப் பிளந்திருக்கிறது. பயணி முதலில் சமத்துவ சமுதாயத்தைக் கண்டதாக எண்ணிக் களிக்கிறான். கிணறு போன்ற காற்றுப் புழைகளிலிருந்து யந்திர ஓசை கேட்ட பிறகே உண்மை தெரிகிறது. வர்க்கப் பிளவு உடற்கூற்றுப் பிளவாகவே முற்றிவிட்டது! கதை யந்திரத்தைப் பற்றி நாம் நினைவில் வைத்திருப்பது தந்தமும் பளிங்கும் இரண்டு நெம்புகோல்களும்; நினைவில் வைக்க வேண்டியது அந்தக் காற்றுப் புழைகள்.

இங்கே வெல்ஸின் குறையையும் சொல்லியாக வேண்டும். உழைப்போரைக் கண்டு இரங்கியவர் அவர். அதைவிட அதிகமாக அஞ்சியவர். மோர்லொக்குகள் மாமிசப் பட்சிணிகளாகவே வருகிறார்கள்; அவர்களில் ஒருவனும் வாய் திறந்து பேசுவதில்லை. 1920இல் மொஸ்கோவில் லெனினைக் கண்டு, நாடெங்கும் மின்சாரம் என்ற திட்டத்தைக் கேட்டபோது, 'கிரெம்ளினின் கனவுகாரர்' என்று அவருக்குப் பெயர் சூட்டித் திரும்பியவரும் இவரே. எட்டு லட்சம் ஆண்டுகளைத் தாண்டிப் பாய்ந்த கற்பனை, ருஷ்யக் கிராமத்தில் ஒரு மின்விளக்கைக் காண மறுத்துவிட்டது.

அவருடைய 1914ஆம் ஆண்டு நாவலான 'விடுதலை பெற்ற உலகம்' பற்றி எல்லாரும் ஒரே செய்தியைத்தான் சொல்வார்கள்: அணுக்குண்டு என்ற சொல் அதில் வருகிறது. விமானத்திலிருந்து கையால் வீசப்படும் அக்குண்டுகள் நாட்கணக்கில் வெடித்துக்கொண்டேயிருக்கும். 1932இல் பெர்லினில் இந்நாவலை வாசித்த ஹங்கேரிய விஞ்ஞானி லியோ சிலார்ட் மறுவருடம் லண்டனில் அணுச் சங்கிலித் தாக்கத்தின் கருத்தை அடைந்தார். அதன் புத்தாக்க உரிமையை இரகசியமாகக் காக்க பிரித்தானியக் கடற்படைத் துறைக்கே ஒப்படைத்தார். கதையை வாசித்து எச்சரிக்கை பெற்ற அம்மனிதரே, 1945 யூலையில் ஜப்பானிய நகரங்கள்மீது குண்டு போடக் கூடாதென்று எழுபது விஞ்ஞானிகளின் ஒப்பத்துடன் மனு எழுதினார். ஓகஸ்ட் 6இல் ஹிரோஷிமா எரிந்தது.

இவையெல்லாம் பலமுறை எழுதப்பட்டவை. எவரும் எடுத்துக்காட்டாத இன்னொரு பகுதி அந்நூலில் இருக்கிறது. குண்டு வருமுன்னரே அணுச்சக்தி கைத்தொழிலுக்கு வருகிறது. மலிவான சக்தி கிடைத்தவுடன் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்படும் நிலையை அடைகின்றன. எண்ணெய்யில் முடக்கிய மூலதனம் விலைபோகாதாகிறது. சுரங்கத் தொழிலாளரும் உருக்காலைத் தொழிலாளரும் பயிற்சியற்ற கூலிகளும் லட்சக்கணக்கில் தெருவுக்கு வருகிறார்கள். செல்வம் பெருகுகிறது, பட்டினியும் பெருகுகிறது. வெல்ஸின் தீர்க்கதரிசனத்துக்குப் புள்ளியிடுவோர் இந்தப் பக்கங்களைத் தாண்டிச் சென்றுவிடுவதன் காரணத்தை வாசகரே ஊகித்துக்கொள்வார்.

இனி, இவ்வரிசையில் பெயரே சேர்க்கப்படாதிருந்த ஒருவர். 1905இல் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய ஆங்கில மாதர் சஞ்சிகையில் 'சுல்தானாவின் கனவு' என்ற சிறுகதை வெளிவந்தது. எழுதியவர் வங்காளத்து ரங்பூர்ப் பகுதியில் பிறந்து, திரைக்குள் வளர்ந்து, வீட்டிலேயே இரகசியமாகக் கல்வி கற்ற ரொக்கேயா சகாவத் ஹுசேன். அவர் காணும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள்ளே அடைபட்டிருக்கிறார்கள், பெண்கள் ஆள்கிறார்கள். பெண்களின் பல்கலைக்கழகங்கள் இரண்டில் ஒன்று வானில் மிதக்கும் கூண்டிலிருந்து குழாய் வழியாக மழைநீரை இறக்கும் உபாயத்தைக் கண்டது. மற்றது சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் கருவியை ஆக்கியது. ஆண்கள் படைபலம் பெருக்கிக்கொண்டிருந்தார்கள், இவற்றை வெறும் உணர்ச்சிக் கனவென்று பரிகசித்தார்கள். பகைவர் வந்தபோது ஆண்களின் படை தோற்றது. பெண் மாணாக்கர் இரண்டாயிரம் பேர் சூரிய வெப்பத்தைத் திருப்பிவிட, பகைவர் ஓடினர்.

யுத்தத்தைவிட அக்கதையின் சமையலறைதான் என் கவனத்தை ஈர்ப்பது. அங்கே புகையில்லை, கரியில்லை, புகைபோக்கியுமில்லை. சூரிய வெப்பத்தில் சமையல் நடக்கிறது. வயலை மின்சாரம் உழுகிறது. ஐரோப்பிய எழுத்தாளர் எவருடைய கற்பனை யந்திரமும் அதுவரை அடுப்பங்கரைக்குள் இவ்வளவு அக்கறையோடு நுழைந்ததில்லை, அங்கே உழைத்தவர் அவர்களில் ஒருவரல்லர். விறகடுப்பின் முன்னே கண் கலங்கியிருந்த கோடிக்கணக்கான பெண்களுடைய உழைப்பு முதன்முறையாக ஒரு பொறியியற் பிரச்சினையாக எழுதப்பட்டது. அந்நாட்டுப் பெண்கள் நாளொன்றுக்கு இரண்டு மணிநேரமே வேலை செய்கிறார்கள். ஆண்கள் முன்பு ஏழு மணிநேரம் கந்தோரில் இருந்தார்களே என்று கேட்டால், பன்னிரண்டு சுருட்டு, ஒவ்வொன்றுக்கும் அரைமணி, மீதிதான் வேலை என்று கணக்குக் காட்டுகிறாள் வழிகாட்டி! ரொக்கேயா பிற்காலத்தில் பாகல்பூரில் 1909இலும் கல்கத்தாவில் 1911இலும் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தினார் என்பதையும் அறிந்தால், அக்கதை வெறும் விளையாட்டாகத் தோன்றாது. பாத்திரங்களை மாற்றி ஆண்களை அடைத்து வைப்பது விடுதலையாகுமா என்ற வினா நியாயமானது. ஆனால் நையாண்டியைச் சட்டப்புத்தகமாக வாசிப்பவர்க்கே அது பெரிதாகத் தெரியும்.

மூன்றாண்டுகள் பின்னர், 1908இல், போல்ஷவிக் மருத்துவரான பொக்தானவ் 'செந்தாரகை'யை எழுதினார். செவ்வாய்க் கிரகத்தில் பொதுவுடைமை நிலைபெற்றிருக்கிறது. ஆகாயக் கப்பலைவிட அங்கே வியப்பூட்டுவது தொழிற்சாலைகளில் மாட்டப்பட்ட எண்பலகை. எந்தத் தொழிலில் எத்தனை மணிநேர உழைப்புக் குறைகிறது, எதில் மிகுகிறது என்று அது ஓயாது காட்டுகிறது. பார்த்தவர் தாமாகவே தேவையான இடத்துக்கு மாறிக்கொள்கிறார்கள். கட்டாயமுமில்லை, கூலியுமில்லை. இவ்வளவு சொன்னவர், வளங் குன்றிவரும் அந்தச் சமத்துவ உலகத்திலேயே பூமியைப் பிடித்து மனிதரை அழித்துவிடலாமா என்று ஒரு விவாதம் நடப்பதையும் மறைக்காமல் எழுதினார். தம் கனவையே சந்தேகத்தோடு பார்க்கத் தெரிந்த இந்த நேர்மை, அவருடைய தத்துவத்தை லெனின் கடுமையாகத் தாக்கியது நியாயமா என்ற வாதத்துக்கு அப்பாற்பட்டது. நாவலில் வயது நீடிக்க ஒருவர்க்கொருவர் இரத்தம் மாற்றிக்கொள்கிறார்கள். பொக்தானவ் 1926இல் மொஸ்கோவில் அதற்கென ஒரு நிறுவனமே அமைத்து, 1928இல் நோயாளி மாணவனொருவனுடன் தம் இரத்தத்தை மாற்றிக்கொண்டு இறந்தார். மாணவன் பிழைத்தான்.

கடைசியாக, இன்று உலக மொழிகள் எல்லாவற்றிலும் புகுந்துவிட்ட ஒரு சொல். செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் அச்சிட்டு, 1921இல் பிராக் நகரில் மேடையேறிய நாடகத்தில்தான் 'றோபோ' பிறந்தது. சொல்லைக் கொடுத்தவர் அவர் சகோதரர், ஓவியர் யோசப். 1945இல் நாஜிகளின் பெர்கன்-பெல்சன் முகாமில் மாண்டவர். 'ரொபோட்டா' என்பது செக் மொழியில் நிலப்பிரபுவின் வயலில் குடியானவன் கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு. ஹப்ஸ்பர்க் ஆட்சியில் 1848வரை நிலவியது. நம் முன்னோர் வெட்டி என்றார்கள்; இந்நாட்டில் இராசகாரியம் என்று வழங்கியதும் அதன் உறவே. இரும்புப் பொம்மையைக் குறிப்பதாக இன்று நாம் எண்ணும் சொல்லுக்குள்ளே ஒரு பண்ணையாளின் முதுகு வளைந்திருக்கிறது.

சாப்பெக்கின் றோபோக்கள் இரும்புமல்ல. ரசாயனக் கூழில் வார்த்த தசையும் நரம்பும். வேலைக்குத் தேவையற்ற எல்லாவற்றையும், மகிழ்ச்சி, விளையாட்டு, வாத்திய இசை என்று ஒவ்வொன்றாகப் பொறியியலாளன் மனிதனிலிருந்து கழித்துவிட்டான். மிஞ்சியது மலிவான தொழிலாளி. பத்து ஆண்டுகளில் தானியமும் துணியும் விலையின்றிக் கிடைக்கும், மனிதன் உழைக்கவே வேண்டாம் என்கிறார் தொழிற்சாலை முகாமையாளர். நடந்தது வேறு. வேலையிழந்த தொழிலாளர் றோபோக்களை உடைத்தனர். அரசாங்கங்கள் றோபோக்களுக்கே ஆயுதம் கொடுத்துத் தொழிலாளரைச் சுட்டன. பின்னர் அவற்றையே சிப்பாய்களாக்கி ஒன்றோடொன்று மோதின. ஈற்றில் றோபோக்கள் எழுந்து மனிதரனைவரையும் கொன்றன. ஒருவரை மட்டும் விட்டுவைத்தன: கட்டடம் கட்டும் அல்குவிஸ்ட். அவர் தம்மைப் போலவே கையால் வேலை செய்கிறார் என்பதே காரணம்.

நாடகத்தின் இறுதிக் காட்சி எனக்கு நிறைவளிக்கவில்லை. பெருக வழியறியாத றோபோக்களின் உலகில் ஓர் ஆண் றோபோவும் பெண் றோபோவும் காதல் கொண்டு, புதிய ஆதாம் ஏவாளாக வெளியேறுகிறார்கள், திரை விழுகிறது. முகாமையாளர் சொன்ன விலையற்ற தானியம் யாருடைய களஞ்சியத்துக்குப் போயிற்று என்ற கேள்வியைக் காதல் காட்சியால் மூடிவிட்டார் சாப்பெக்.